நடந்து வர முடிந்தவர்களுக்கு மட்டுமா அன்னதானம்? எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்க் கோயிலின் அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும்,

அன்னதானக் கூடத்தின் வாசலில் ஆனி மாதத் தொடக்கத்தில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பு, கூடத்தில் பரிமாறப்படும் உணவை எக்காரணம் கொண்டும் யாரும் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்று சொல்கிறது. அது யாரைத் தடுக்க எழுதப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். நண்பகலில் தூக்குப்போசிகளில் சோறும் குழம்பும் வாங்கிக்கொண்டு, நடமாட முடியாமல் வீட்டோடு இருக்கும் முதியவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்த எங்களைத் தவிர, அந்தக் கூடத்திலிருந்து சோற்றை வெளியே கொண்டுசென்றவர்கள் வேறு யாரும் இல்லை. எங்களை அழைத்து ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தீர்கள். நேரில் வந்து விளக்கம் கேட்டபோது ‘குழு முடிவு’ என்ற ஒற்றைப் பதிலோடு திருப்பி அனுப்பினீர்கள். ஆகவே ஊரறிய எழுதுகிறேன்.

நான் அஞ்சல் துறையில் பட்டுவாடா வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதியோர் உதவித்தொகை மணியார்டராக வந்துகொண்டிருந்த காலத்தில், அந்தப் பணத்தை ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்துக் கைநாட்டு வாங்கியவன் என்பதால், இந்த ஊரிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்குப் பார்வை மங்கிவிட்டது, யாருடைய பிள்ளைகள் கடைசியாக எந்த நோம்பிக்கு வந்து போனார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு மாறியபின், மாதம் ஒருமுறை அந்தத் திண்ணைகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஆளும் இல்லாமல் போனான். அதைக் குறை சொல்ல இந்த மடல் இல்லை. யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை நான் அறிந்தே பேசுகிறேன் என்று சொல்வதற்காக இதை எழுதினேன்.

நம் பகுதியில் எல்லா வீடுகளும் ஊருக்குள் வரிசையாக நிற்பதில்லை. கிணற்றை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு காட்டுக்குள்ளேயே, அதாவது விளைநிலத்துக்குள்ளேயே, குடியிருப்பது கொங்கு நாட்டு வழக்கம். கீழ்பவானி வாய்க்கால் மேட்டிலிருந்து பிரிந்து இறங்கும் இட்டேரிகளில், இருபுறமும் வேலி சூழ்ந்த அந்த வண்டிப்பாதைகளில், போனால், ஒரு தோட்டத்திலிருந்து கூப்பிட்டால் அடுத்த தோட்டத்துக்குக் கேட்காது. பண்ணையத்து ஆட்களும் மாடு கன்றுகளும் பேரன் பேத்திகளும் நிறைந்திருந்த காலத்தில் அந்தத் தூரம் ஒரு குறையாகத் தெரியவில்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டபின், மஞ்சளும் கரும்பும் போய்த் தென்னை வந்து சொட்டுநீர்க் குழாயும் போட்டாகிவிட்டபின், வயதான ஒருவரும் ஒரு நாயும் மட்டும் மிஞ்சிய தோட்டங்கள் உங்கள் கோயில் கோபுரத்திலிருந்து பார்த்தாலே கண்ணுக்குத் தெரியும்.

அப்படியொரு தோட்டத்தில் இருக்கும் அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் அவர் பெயரில்தான் இருக்கிறது. குத்தகைப் பணமும் வருகிறது. ‘அன்னதானம் இல்லாதவர்களுக்கு, காடு தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு எதற்கு?’ என்று உங்களில் ஒருவர் கேட்டது இவரை மனத்தில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன். அவருக்குக் கை நடுக்கம். ஒருமுறை சேலைத் தலைப்பில் தீப்பற்றி, பக்கத்தில் வைத்திருந்த குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்துக்கொண்டார்; அதன்பின் அடுப்பருகே போவதில்லை. சிலிண்டர் தீர்ந்தால் மாற்றிப் போட ஆள் இல்லை. ரேஷன் அரிசி வீட்டுக்கே வருகிறது. அதை டிரம்மில் கொட்டி மூடி வைத்திருக்கிறார். நான் திறந்து பார்த்தபோது மேலாக வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. பால்காரர் வாங்கிவந்து தரும் வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றுதான் பகலை ஓட்டிவந்தார். ஏன் ஆத்தா, இரண்டு பிடி அரிசியாவது பொங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டதற்கு, “ஒருத்திக்குன்னு அடுப்புப் பத்த வெக்கறதுக்கு மனசு வரமாட்டீங்குது கண்ணு, கையும் ஒதவமாட்டீங்குது” என்றார். நாங்கள் கொண்டுபோகும் போசியில் பாதியை மதியம் உண்டுவிட்டு, மீதியில் தண்ணீர் ஊற்றி இரவுக்கு வைத்துக்கொள்வார். அவருக்கு வேண்டியது பணமோ அரிசியோ இல்லை. சமைத்த சோறும் அதைக் கொண்டுவந்து வைக்கும் ஓர் ஆளும்.

ஊருக்குள் இருப்பவர்களின் நிலை வேறு. மேற்கு வீதியில் குழித்தறியில் ஜமக்காளம் நெய்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். இளவயது முதல் குழிக்குள் காலை விட்டு மிதிகட்டையை மிதித்து மிதித்து, இரண்டு முழங்காலும் இப்போது மடக்கினால் நீளாது, நீட்டினால் மடங்காது. தறியை விற்றுவிட்டார், குழி மட்டும் வீட்டுக்குள் அப்படியே இருக்கிறது. அதன் விளிம்பில் உட்கார்ந்து குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டால்தான் அவருக்கு வலி குறைகிறதாம். அங்கிருந்து உங்கள் அன்னதானக் கூடம் முந்நூறு அடி தூரம்கூட இருக்காது. கூடத்தில் அப்பளம் பொரிக்கும் வாசனை அவர் வீட்டுக்குள் வரும். அவரால் அந்த முந்நூறு அடி நடந்து வர முடியாது. நடத்திக் கூட்டிவந்தாலும் கூடத்துக்கு ஏறும் படிகளில் ஏற முடியாது. தோட்டத்து அம்மாளைப் பற்றிக் கேட்ட கேள்வியை இவரைப் பற்றிக் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் நீங்கள் ஒட்டிய அறிவிப்பு இருவருக்கும் சேர்த்துத்தான் கதவை மூடியிருக்கிறது.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அரசாங்கம் எதையெல்லாம் செய்கிறது என்று பார்த்தால் இந்தப் பதில் எங்கே இடறுகிறது என்பது தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்காக 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் 1983இலேயே உதவித்தொகை பெறும் முதியவர்களையும் சேர்த்தார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் முதியவர் மையத்துக்கு நடந்து வர வேண்டும். மையத்தில் உண்பவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, உண்ணாதவருக்கு 4 கிலோ என்று வகுத்திருப்பதே, வர முடியாதவர் தாமே பொங்கிக்கொள்வார் என்ற கணக்கில்தான். உதவித்தொகையை 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களின் வீட்டு வாசலுக்கு ரேஷன் பொருள்கள் வருகின்றன. பணம் வருகிறது, மாத்திரை வருகிறது, அரிசியும் வருகிறது. உலை வைக்க மட்டும் யாரும் வருவதில்லை. சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டுவிடும் என்று செவிலியர்கள் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அதைக் கேட்டுப் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டவர்களை எனக்குத் தெரியும். சோற்றுக்கு வழி செய்துகொண்டவர் எவரையும் தெரியாது.

கோயில் சோறு மதிலைத் தாண்டிப் போகக் கூடாது என்பது புதிய வழக்கம். 2002இல் அரசு கோயில்களில் அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியபோது கூடத்தில் அமரவைத்துப் பரிமாறுவதே முறையாக இருந்தது என்பது உண்மை. ஆனால் கொரோனா ஊரடங்கில், கூட்டமாக அமர்ந்து உண்ண முடியாத நிலையில், தமிழகமெங்கும் கோயில்கள் அன்னதானத்தைப் பொட்டலங்களாகக் கட்டி வெளியே வழங்கின. 2021 மே மாதத்தில் மருத்துவமனைகளில் நோயாளிகளோடு இருந்தவர்களுக்கெல்லாம் கோயில் சமையலறைகளிலிருந்துதான் உணவு போனது. நம் கோயிலிலும் பொட்டலம் கட்டினோம். அப்போது அந்தப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோனவர்கள்தான் இன்றைய எங்கள் குழு. ஊரடங்கு தளர்ந்து கூடம் மறுபடி திறந்தபோது, வீட்டோடு கிடப்பவர்களுக்கு மட்டும் இதைத் தொடரலாம் என்று அன்றைய செயல் அலுவலர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டார். எழுத்தில் எதுவும் இல்லை என்பதைத்தான் இப்போது எங்களுக்கு எதிராகத் திருப்புகிறீர்கள்.

நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன்.

தணிக்கையில் கேள்வி வரும் என்று செயல் அலுவலர் சொன்னது நேர்மையான கவலை என்றே எடுத்துக்கொள்கிறேன். டோக்கன் வாங்கியவர் கூடத்தில் உண்டதாகத்தான் பதிவேடு சொல்கிறது. அவர் வீட்டில் உண்டதற்கு அதில் இடமில்லை. அப்படியானால் பதிவேட்டில் இடம் ஏற்படுத்துவதுதான் முறை. முதியவரின் பெயர், குடும்ப அட்டை எண், அன்றன்றைய கையொப்பம் அல்லது கைநாட்டு, கொண்டுபோனவரின் கையொப்பம் ஆகியவை அடங்கிய குறிப்பேட்டை நாங்கள் இதுவரை பராமரித்துவருகிறோம். எந்த நாளிலும் உங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கத் தயார். மணியார்டர் படிவத்தில் கைநாட்டும் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, ஒரு ரூபாய் குறைந்தாலும் கைக்காசைக் கட்டும் துறையில் காலம் தள்ளியவன் நான். ஒரு போசி சோற்றுக்குக் கணக்கு வைக்க வழியில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அமாவாசையும் வெள்ளிக்கிழமையும் தவிர மற்ற நாட்களில் டோக்கன் முழுவதும் தீர்வதில்லை என்பதும், மிஞ்சும் சோறு மாட்டுத் தொட்டிக்குப் போகிறது என்பதும் உங்கள் சமையல்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சோற்றைத் தணிக்கை எந்தத் தலைப்பில் எழுதிக்கொள்கிறது?

கொண்டுபோகும் வழியில் சோறு கெட்டு, யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால் கோயிலுக்குக் கெட்ட பெயர் என்பது இரண்டாவது காரணம். சமைத்த உணவு 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்வரை கிருமி பெருகாது. சூடு ஆறியபின் நெடுநேரம் வைத்திருப்பதுதான் ஆபத்து. பதினொன்றரைக்கு இறக்கும் சோற்றை எவர்சில்வர் போசியில் அடைத்து, சாக்குத் துணி சுற்றிய பெட்டியில் வைத்து எக்ஸ்எல் வண்டியில் கொண்டுபோகிறோம். கடைசித் தோட்டத்துக்கும் ஒரு மணிக்குள் போய்விடுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் தயிர்ச்சோற்றை நாங்கள் எடுத்துப்போவதே இல்லை. மோரைத் தனியாக ஊற்றிப்போகிறோம். இரவுக்கு மீத்து வைப்பவர்களிடம், தண்ணீர் ஊற்றி மூடிக் குளிர்ந்த இடத்தில் வைக்கவும், உண்ணுமுன் வாடை வேறாகத் தெரிந்தால் கொட்டிவிடவும் சொல்கிறோம். உணவுப் பாதுகாப்புத் துறை கோயில் சமையலறைகளுக்கு வழங்கும் ‘போக்’ சான்றிதழை நம் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். அந்தச் சமையலின் சுத்தம் கோயில் வாசலோடு முடிந்துவிடுவதில்லை. போசிகளைக் கழுவும் முறையையும் கொண்டுபோகும் முறையையும் உணவுப் பாதுகாப்பு அலுவலரே வந்து பார்க்கட்டும். குறை சொன்னால் திருத்திக்கொள்கிறோம்.

மூன்றாவது காரணத்தை நீங்கள் எழுதவில்லை, பேசவும் மாட்டீர்கள். கோயில் பாத்திரம் எந்தெந்த வீதிக்கெல்லாம் போய்த் திரும்புகிறது என்று குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டதாகவும், அதற்குப் பிறகே தீர்மானம் வந்ததாகவும் ஊரில் பேச்சு. அது வெறும் பேச்சாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. உண்மையாக இருந்தால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் 1947இலேயே வந்துவிட்டது. அன்னதானக் கூடத்தில் எல்லா வீதிக்காரர்களும் ஒரே பந்தியில்தான் உட்கார்கிறார்கள். அதே சோறு, உட்கார வர முடியாதவரின் வீதிக்குப் போகும்போது மட்டும் என்ன மாறிவிடுகிறது? எங்கள் பட்டியலில் காலனி வீடுகளும் இருக்கின்றன, தோட்டத்து வீடுகளும் இருக்கின்றன. போசி கொண்டுபோகும் பிள்ளைகளில் இரண்டு பக்கத்தவரும் இருக்கிறார்கள். யார் கையால் வருகிறது என்று கேட்டு முதல் நாள் வாங்க மறுத்த பெரியவர் ஒருவர் எங்களிடம் உண்டு. பசி இரண்டு நாளில் அவரை வழிக்குக் கொண்டுவந்தது, இப்போது அதே பையனை “வாப்பா” என்று கூப்பிட்டு உட்காரச் சொல்கிறார். எண்பது வயதில் அவரால் மாற முடிந்திருக்கிறது.

சோற்றைத் தவிர இன்னொன்றும் அந்தப் போசியோடு போகிறது. தினமும் ஒரே நேரத்தில் ஓர் ஆள் கதவைத் தட்டுகிறார் என்பது தனியாக இருப்பவருக்கு எவ்வளவு பெரிய காவல் என்பதை 2025இல் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதியர் கொல்லப்பட்ட பிறகு இந்தப் பகுதியில் யாருக்கும் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. கொலை கொள்ளையை விடுங்கள். வழுக்கி விழுவதே போதும். சென்ற மார்கழியில், தட்டியும் குரல் வராததால் எங்கள் பையன் ஒருவன் பின்பக்கச் சுவரேறி இறங்கிப் பார்த்தபோது, குளியலறைத் தரையில் இடுப்பு முறிந்து முந்தைய இரவு முதல் கிடந்த பெரியவரைக் கண்டான். ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. இன்று அவர் உயிரோடு இருக்கிறார், கட்டிலில்தான் என்றாலும். உங்கள் குழுவிலேயே ஓர் உறுப்பினர், மகனைப் பார்க்க அமெரிக்கா போய்விட்டு வந்து, அங்கே ‘மீல்ஸ் ஆன் வீல்ஸ்’ என்று தன்னார்வலர்கள் காரில் வந்து முதியவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, இரண்டு வார்த்தை பேசி நலம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள் என்று திண்ணையில் வியந்து சொன்னார். உலகப் போர்க் காலத்து இங்கிலாந்தில் தொடங்கி, 1954இல் பிலடெல்பியாவுக்குப் போன ஏற்பாடு அது. அந்த நாட்டரசு முதியோருக்கான தன் சட்டத்தில் 1972இல் உணவுக்கென்று தனி ஒதுக்கீட்டையே சேர்த்தது. அங்கே கண்டு மெச்சியதை இங்கே தடுக்கும் தீர்மானத்தில் அவரும் கையெழுத்திட்டிருக்கிறார்.

நன்கொடையாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடத்துப் பலகையில் இருக்கும் பெயர்களில் பல, தாய் தந்தையின் திதி நாளுக்கு வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பணம் கட்டியவர்களுடையவை. போனவர்கள் பெயரில் ஊருக்குச் சோறு போடும் அந்த மனத்தை நான் மதிக்கிறேன். இருக்கிற தாயின் வாசலுக்கு ஒரு போசி போவதற்கும் அவர்களில் பலர் தருவார்கள், கேட்டால். நீங்கள் கேட்டதே இல்லை.

அறிவிப்பு ஒட்டியபின் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மகளிர் குழுப் பெண்கள் சிலர் தங்கள் வீட்டு அடுப்பிலேயே கூடுதலாக ஒரு படி அரிசி போட்டு வடித்துத் தருகிறார்கள். அவர்கள் நூல்மில் ஷிப்டுக்குப் போகிறவர்கள். இதை எத்தனை நாள் தாங்குவார்கள் என்று தெரியவில்லை. இருபதுக்கு மேற்பட்ட வீடுகளில் பாதிக்குத்தான் இப்போது போக முடிகிறது. மீதிப் பேரில் யாரை விடுவது என்ற கணக்கை ஒவ்வொரு நாள் காலையும் நாங்கள் போட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கை எங்கள் தலையில் கட்டியது உங்கள் தீர்மானம்.

ஆகவே கேட்கிறோம். முதலில், அந்த அறிவிப்பை உடனே அகற்றி, பட்டியலில் உள்ள முதியவர்களுக்கு முன்பு போலவே கூடத்திலிருந்து உணவு எடுத்துச்செல்ல அனுமதியுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில், வீட்டை விட்டு வெளிவர இயலாத முதியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் அன்னதானத்தை வீட்டுக்கே வழங்குவது என்று முறையான தீர்மானம் நிறைவேற்றி, அதற்குத் தனிப் பதிவேட்டை ஏற்படுத்தி, அறநிலையத் துறையின் ஒப்புதலுக்கு அனுப்புங்கள். பட்டியலில் யார் இருக்கலாம் என்பதை நாங்கள் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரும் சுகாதாரச் செவிலியரும் பார்த்துச் சொல்லட்டும். அந்த வீடுகளுக்கென்று சோற்றைச் சற்றுக் குழைய வடிக்கவும், உப்பும் காரமும் போடுமுன் பருப்பைக் கொஞ்சம் தனியே எடுத்து வைக்கவும் சமையலறைக்குச் சொல்லுங்கள். பல் இல்லாதவர்களும் ரத்த அழுத்தக்காரர்களும்தான் அங்கே அதிகம். கொண்டுபோகும் பிள்ளைகளுக்குக் கோயில் முத்திரையிட்ட அடையாள அட்டை கொடுத்து, அவர்கள் பெயர்களைக் காவல் நிலையத்திலும் பதிந்துவையுங்கள். தோட்டத்து வீடுகளில் புதிய முகத்துக்குக் கதவு திறக்கப் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயமானது. நன்கொடைச் சீட்டில் ‘வீட்டு வழி அன்னதானம்’ என்று ஒரு வரியைச் சேருங்கள். வண்டி, பெட்ரோல், போசி, ஆள் இவற்றுக்குக் கோயில் ஒரு காசும் தர வேண்டாம்.

இவற்றை ஏற்க இயலாது என்றால், எந்த விதியின்படி இயலாது என்பதைக் குறிப்பிட்டு, செயல் அலுவலர் கையொப்பத்துடன் ஆடி அமாவாசைக்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். அதை எடுத்துக்கொண்டு இணை ஆணையர் அலுவலகத்துக்கும், தேவைப்பட்டால் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கும் போவோம்.

இப்படிக்கு,
வீட்டு வழி உணவு கொண்டுசெல்லும் தன்னார்வலர்கள் சார்பில்,
ஓய்வு பெற்ற அஞ்சல் பட்டுவாடாப் பணியாளர் ஒருவர்